கறுப்பு ரீ-சேர்ட்டும் என் கசெட் அலுமாரியும்

நீண்ட பதிவு. திட்ட வேண்டுமென்றால் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரு படத்தைப் பார்த்து ஒரு பிள்ளையின் ஈமானையும் ஒழுக்கத்தையும் அளக்கும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது? கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்கிற நாம் இந்தக் கேள்வியை ஒருமுறை நிதானமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்ற வாரம் நமது பகுதி வாட்ஸ்அப் குழுவொன்றில் இரண்டு படங்கள் சுற்றின. முதலாவது, மாலை வகுப்புக்குப் போகும் தரம் 10 மாணவன் ஒருவனின் படம். கறுப்பு ரீ-சேர்ட், நெஞ்சில் மண்டையோடு, காதைத் தொடும் முடி. பையனுக்குத் தெரியாமல் எடுத்தது. இரண்டாவது, என் வீட்டு அலுமாரி. அதில் 143 கசெட்டுகளும் 11 இசைத்தட்டுகளும் இருக்கின்றன. பெரும்பாலானவை 80களில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த ஹெவி மெட்டல், ஹார்ட் ரொக் பாட்டுகள். படங்களுக்குக் கீழே ஒரு வரி: "சேர் கேட்பது இது, பிள்ளை உடுப்பது இது. விளங்குகிறதா?" அதற்குப் பிறகு வந்த குரல்பதிவுகளில் சாத்தான், போதை, யஹூதி சூழ்ச்சி என்று எல்லாமே வந்தன. அந்தப் பையன் மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை.

பையன் என் மாணவனே இல்லை. என்னிடம் ஒரு கசெட்டும் வாங்கியதில்லை. அவன் பாட்டு கேட்பது கைத்தொலைபேசியில். கசெட்டை எந்தப் பக்கம் போடுவதென்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. ஆனால் என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அவனுக்காக எழுதுகிறேன். அந்த அலுமாரியில் இருக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஏனென்றால் அவர்களும் இதே மாதிரிப் பையன்கள்தான்.

முதலில் மார்க்க விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இசை கூடுமா கூடாதா என்பதில் அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் மௌலவி இல்லை, கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த சாதாரண ஆசிரியன். தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எந்த இசையும் வேண்டாமென்று பேணுதலாக வாழ்கிற ஒரு ஹாஜியார் என்னிடம் வந்து "மகன், இதை விடுங்கள்" என்று சொன்னால் தலைகுனிந்து கேட்பேன். அவர் தன் வாழ்க்கையில் அதைக் கடைப்பிடிக்கிறார். என் சண்டை அவரோடு இல்லை. வலீமாவில் சினிமாப் பாட்டு போட்டு, ரீல்ஸுக்குப் பின்னணி இசை போட்டு, காரில் காலிவீதி முழுக்கக் கேட்கும்படி பாட்டு வைத்துவிட்டு, கிட்டார் கொஞ்சம் கரகரத்தால் மட்டும் "சாத்தான்" என்று சொல்கிறார்களே, அவர்களோடுதான் என் சண்டை. அவர்களுக்குப் பயம் இசையைப் பற்றியது இல்லை. முடியைப் பற்றியது, கறுப்பு நிறத்தைப் பற்றியது, யார் உடுத்திருக்கிறார் என்பதைப் பற்றியது.

ஆம், யார் உடுத்திருக்கிறார் என்பதும் இதில் இருக்கிறது. கொழும்பில் ஸ்டிக்மாட்டா போன்ற மெட்டல் குழுக்கள் இருபது வருடத்துக்கு மேலாக மேடையேறுகின்றன. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை அந்த ரீ-சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கொள்ளுப்பிட்டியில் நடந்தால் அது நாகரிகம். ஜிந்துப்பிட்டியில் நடந்தால் ரவுடி. சட்டை ஒன்றுதான், முகவரிதான் வேறு.

இனி அந்தக் கசெட்டுகளுக்கு வருவோம். "உங்களுக்கு ஏன் சேர் இந்த மலாய்க்காரன் சத்தம்?" என்று கேட்டவர்களுக்கு இது பதில்.

1981 இல் ஜொகூர் பாருவில் சில மலாய் இளைஞர்கள் சேர்ந்து 'சேர்ச்' என்றொரு குழு தொடங்கினார்கள். பாடகர் எமி. 1985 இல் முதல் தொகுப்பு வந்தது. அதன் பெயருக்கு 'மலேசியத் தயாரிப்புக் காதல்' என்று பொருள். அதே 1985 இல்தான் மலேசியாவின் சொந்தக் கார் புரோட்டோன் சாகா வீதிக்கு வந்தது. நாடே 'மலேசியத் தயாரிப்பு' என்று பெருமை பேசிய வருடம். அரசாங்கம் கார் செய்தது, இந்தப் பையன்கள் பாட்டு செய்தார்கள். 1986 இல் 'வானமும் பூமியும்', 1987 இல் 'கிழக்கு வானில் சிவந்த சூரியன்', 1989 இல் 'ஃபெனோமினா' என்று பொருள்படும் தொகுப்புகள் தொடர்ந்தன. 1989 தொகுப்பில் 'இசபெல்லா' என்ற பாட்டு இருக்கிறது. மலேசியாவைத் தாண்டி இந்தோனேசியா முழுவதும் அது ஒலித்தது. அடுத்த வருடம் அதே பெயரில் படமும் வந்தது, எமியே நடித்தார்.

'விங்ஸ்' என்ற குழுவின் 1988 தொகுப்பின் பெயரை நம் மொழியில் சொன்னால் 'கர்ம விதி'. மலாய் முஸ்லிம் பையன்கள் போட்ட பெயர்! 'பூமி' அவர்களுக்கும் 'பூமி'தான். கப்பலுக்கு அவர்கள் சொல்வது 'கப்பால்', கடைக்குச் சொல்வது 'கெடாய்', இரண்டும் நம் தமிழிலிருந்து கடல் கடந்து போன சொற்கள். கசெட் அட்டையைக் கையிலெடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தால், தெரியாத மொழிக்குள்ளிருந்து தெரிந்த சொல் எட்டிப் பார்க்கும். அந்தச் சந்தோஷத்தை எப்படி விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இசைக்கு அங்கே 'ரொக் காப்பாக்' என்று பெயர். காப்பாக் என்றால் கோடரி. கேட்கிற பையன்களை 'மாட் ரொக்' என்று கிண்டலாக அழைத்தார்கள். யார் அவர்கள்? கம்பங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு நகரத்துக்கு வந்தவர்கள், அவர்களின் தம்பிமார், வேலையில்லாமல் சந்தியில் நின்றவர்கள். நம் நாட்டில் 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்து, கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்கு அள்ளி வரப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட வாழ்க்கை அங்கேயும் நடந்தது. அந்தப் பையன்களுக்கு என்று ஒரு சத்தம் தேவைப்பட்டது. கடன் வாங்கிய கிட்டாரில் அதைச் செய்தார்கள், அதுவும் தாய்மொழியில். ஆங்கிலத்தில் பாடியிருந்தால் மெத்தப் படித்தவர்கள் கை தட்டியிருப்பார்கள். மலாயில் பாடியதால்தான் 'காப்பாக்' என்ற ஏளனம்.

இதெல்லாம் உண்மையான மெட்டலா என்று கேட்கிற சுத்தவாதிகளும் இருக்கிறார்கள். அழுகைப் பாட்டு பாதி, இரைச்சல் பாதி என்பது அவர்கள் குறை. சரி. இரைச்சல் வேண்டுமென்றால் 'குரோமொக்' கேளுங்கள். அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங்கில் படிக்கப் போன மலேசிய மாணவர்கள் 80களின் கடைசியில் தொடங்கிய குழு. எந்தச் சுத்தவாதியும் குறை சொல்ல முடியாத த்ராஷ் மெட்டல்.

இந்தோனேசியாவுக்குப் போனால் 1973 இல் தொடங்கிய 'கோட் பிளெஸ்'. 1975 இல் டீப் பேர்ப்பிள் ஜகார்த்தாவுக்கு வந்தபோது முன்னால் மேடையேறியவர்கள். 1988 இல் வந்த அவர்களின் 'கறுப்பு எறும்பு' என் அலுமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. பாடகர் அஹ்மத் அல்பார். அந்தக் குடும்பப் பெயரைக் கவனியுங்கள். ஹத்ரமௌத்திலிருந்து கடல் வழியாக வந்த அரபு வம்சம். அவரது தகப்பன் சேக் அல்பார், சுரபாயாவின் புகழ்பெற்ற கம்பூஸ் கலைஞர். கம்பூஸ் என்பது அரபிகளின் ஊத் வாத்தியத்துக்கு உறவுக்காரன். தகப்பன் கையில் ஊத், மகன் பின்னால் மின்கிட்டார். நம்மில் எத்தனை பேர் "எங்கள் மூதாதையர் அரபு வணிகர்கள்" என்று மேடையில் பெருமை பேசுகிறோம்! அதே கடல், அதே காற்று, அதே கப்பல்கள் கொண்டுபோய்ச் சேர்த்த இன்னொரு குடும்பத்தின் கதை இது. அது நமக்கு எப்படி அந்நியமாகும்?

இன்னும் அருகில் வருகிறேன். கொம்பனித்தெருவுக்குப் போங்கள். ஒல்லாந்தர் காலத்தில் சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் வந்த மலாய் மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 1869 இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகை அரபு எழுத்தில் வெளிவந்தது. உலகின் மிக முந்திய மலாய்ப் பத்திரிகைகளில் ஒன்று அது. கோலாலம்பூரில் இல்லை, இங்கே, நம் கொழும்பில். எனக்கு முதல் கசெட் தந்ததும் கொம்பனித்தெருவில் ஒரு மலாய் மாமாதான். கப்பலில் வேலை செய்தவர். "என் பிள்ளைகளுக்கு இது வேண்டாமாம், நீ வைத்துக்கொள்" என்று ஒரு ஷொப்பிங் பையில் ஒன்பது கசெட் தந்தார். அவர் தராவிட்டால் அடுத்த நாள் அவை போத்தல் பேப்பர்காரரின் வண்டியில் போயிருக்கும்.

இனி நம்மவர்கள் செய்கிற வேலையை அங்கே யார் யார் செய்து பார்த்தார்கள், என்ன ஆனது என்று சொல்கிறேன்.

சிங்கப்பூரில் 70களில் நீண்ட முடிக்கு எதிராக அரசாங்கமே இயக்கம் நடத்தியது. நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியாகத்தான் சேவை செய்யப்படும் என்று அரச அலுவலகங்களில் அறிவித்தல் ஒட்டினார்கள். அந்தக் காலத்தில் அந்தத் தீவில் வளர்ந்த குழு 'ஸ்வீட் செரிட்டி'. பாடகர் ரம்லி சாரிப். மலாய் ரொக்கின் தகப்பன் என்று அவரைச் சொல்வார்கள். சிங்கப்பூரின் தேசிய கீதம் மலாய் மொழியில், சுபிர் சயீத் இயற்றியது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2019 இல் அந்தக் கீதத்தை ஒரு புதிய வடிவில் பாட வைத்தார்கள். பாடியவர் யார்? அதே ரம்லி சாரிப், அதே நீண்ட முடியோடு. முடிக்கு எதிராக அறிவித்தல் ஒட்டிய நாடு, தன் கீதத்தை அந்த முடிக்காரர் வாயால் கேட்டு எழுந்து நின்றது. நாற்பது வருடம் ஆனது, அவ்வளவுதான்.

மலேசியாவில் 1992. நீண்ட முடி வைத்த ரொக் பாடகர்கள் அரச தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்ற நிலை. தகவல் அமைச்சராக இருந்த மொஹமட் ரஹ்மத் முன்னிலையில் சேர்ச் எமியும் விங்ஸ் அவியும் முடியை வெட்டிக்கொண்டார்கள். நாடே பார்த்தது. சரி, வெட்டியாயிற்று. அதனால் எந்தப் பையன் திருந்தினான்? எந்தப் போதை வியாபாரி கடையை மூடினான்? முடி மறுபடி வளர்ந்தது. பாட்டு தொடர்ந்தது. இன்று அந்தச் சம்பவத்தை நினைவுகூருகிறவர்கள் பாடகர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை, கத்திரிக்கோலைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

2001 இல் அதே நாட்டில் 'பிளக் மெட்டல்' பீதி. கெடா மாநிலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை சந்தேகப் பார்வை போனது. 2006 இல் தேசிய ஃபத்வா சபை அந்த வகை இசையைத் தடுத்தது. மார்க்க அறிஞர்கள் தங்கள் பொறுப்பில் சொன்னதை நான் விமர்சிக்க வரவில்லை. என் கேள்வி பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்: பிள்ளையின் பையைக் கிளறிக் கசெட் தேடிய அந்த நேரத்தில், பிள்ளையோடு பத்து நிமிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா?

ஒரு ஆசிரியை அல்லது ஆசிரியர் உட்கார்ந்து பேசினால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மேற்கு ஜாவாவின் காருட் பகுதியில் ஒரு மத்ரஸாப் பாடசாலை. 2014 இல் மூன்று மாணவிகள், மூவரும் ஹிஜாப் அணிந்தவர்கள், தங்கள் பாடசாலை ஆலோசனை ஆசிரியரின் வழிகாட்டலில் மெட்டல் குழு தொடங்கினார்கள். பெயர் 'வொய்ஸ் ஒஃப் பசெப்ரொட்'. சுண்டா மொழியில் பசெப்ரொட் என்றால் சத்தம் போடுகிற என்று அர்த்தம். 2022 இல் ஜெர்மனியின் வாக்கன் விழா, 2024 இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி. ஹிஜாபைக் கழற்றவில்லை. அவர்களின் பாட்டுகளில் ஒன்று, நான் பொதுச் சொத்து இல்லை என்று சொல்கிற ஒரு பெண்ணின் குரல். நம் பஸ்களில் நம் பெண்பிள்ளைகள் படுகிற பாட்டை அறிந்தவர்களுக்கு அது விளங்கும்.

இன்னொருவர். ஜோகோ விடோடோ, ஹஜ் செய்தவர், மெட்டல் ரசிகர். 2013 இல் அவர் ஜகார்த்தா ஆளுநராக இருந்தபோது மெட்டாலிகா குழுவின் ரொபர்ட் ட்ருஹியோ ஒரு பேஸ் கிட்டார் அன்பளிப்பாக அனுப்பினார். அவர் அதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஊழல் தடுப்பு ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவானார். அவருடைய அரசியல் எல்லாம் சரியென்று சொல்லவில்லை, அதைப் பற்றி அங்குள்ளவர்கள் பேசட்டும். ஆனால் "மெட்டல் கேட்டவன் உருப்படமாட்டான்" என்று குரல்பதிவு அனுப்பியவர், நம் நாட்டில் அன்பளிப்பை இப்படி ஒப்படைத்த அரசியல்வாதி ஒருவரின் பெயரைச் சொல்லட்டும், நான் என் அலுமாரியைக் காலி செய்கிறேன்.

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும்.

2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நம் வீடுகளிலிருந்து நடந்துபோகிற தூரம். அன்று செத்தவர்களில் நம் தெருக்காரர்கள் இருந்தார்கள். அதைச் செய்தவர்களை நாம் எவரும் மன்னிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிந்திய மாதங்களை நினைத்துப் பாருங்கள். வீட்டில் அரபு எழுத்து இருந்தாலே சந்தேகம். பயத்தில் எத்தனை வீடுகளில் புத்தகங்களைக் கிழித்தோம், எரித்தோம், கிணற்றில் போட்டோம்? அதில் பாதி என்ன? நம் உம்மும்மாமார் ஓதிய அரபுத் தமிழ் மாலைகள், பைத்துகள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் சொந்தப் பொக்கிஷம். தேடி வந்தவனுக்கு அதை வாசிக்கத் தெரியாது. எரித்த நமக்கும் தெரியாது. அந்த வருடமே ஒரு முஸ்லிம் பெண், கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு உடுத்ததற்காகக் கைதானார். அது தர்மச் சக்கரமாம். சுக்கானையும் தர்மச் சக்கரத்தையும் பிரித்தறியத் தெரியாத கண்களுக்காக அவர் சிறையில் கிடந்தார். அன்று நாம் என்ன சொன்னோம்? "ஒரு சட்டையின் படத்தை வைத்து எப்படி ஒருவரைக் குற்றவாளியாக்கலாம்?" என்று கேட்டோம். நியாயமாகக் கேட்டோம்.

அதே வாயால் இன்று ஒரு பதினைந்து வயதுப் பையனின் சட்டைப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறோம். அவனுக்குத் தெரியாமல் படம் பிடித்துப் பரப்புகிறோம். அன்று நமக்குச் செய்யப்பட்டதற்கும் இன்று நாம் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்கு விளங்கப்படுத்துங்கள்.

போதை பற்றிய பயம் நியாயமானது. கொழும்பு வடக்கில் ஆசிரியராக இருக்கிற எனக்கு அது உங்களைவிடக் குறைவாகத் தெரியாது. ஐஸ் நம் சந்துகளுக்குள் வந்திருப்பது உண்மை. ஆனால் அதை விற்கிறவன் மண்டையோட்டுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதில்லை. இஸ்திரி போட்ட சேர்ட்டோடு, உங்களுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டு, நல்ல மோட்டார் சைக்கிளில் போகிறான். அவனைப் படம் பிடித்துக் குழுவில் போட யாருக்கும் தைரியமில்லை. பையனைப் படம் பிடிப்பது லேசு. அவன் திருப்பி அடிக்கமாட்டான்.

சிலர் மென்மையாகக் கேட்டார்கள்: "சேர், எல்லாம் யூடியூப்பில் இருக்கிறதே, இந்தப் பழைய குப்பையைக் காசு கொடுத்துச் சேர்ப்பானேன்?"

எல்லாம் இல்லை. புகழ்பெற்ற நாலு குழுவின் பாட்டுகள் இருக்கின்றன. ஒரேயொரு கசெட் போட்டுவிட்டுக் கலைந்துபோன குழுக்கள் இல்லை. இருப்பதும் நாளைக்கு இருக்குமென்று எந்த உத்தரவாதமும் இல்லை, கம்பனி ஒன்று பொத்தானை அழுத்தினால் போய்விடும். கசெட் அட்டையில் யார் பாட்டு எழுதினார், யார் மேளம் அடித்தார், எந்த ஊரில் எந்த ஸ்டூடியோவில் பதிந்தார்கள் என்றெல்லாம் இருக்கும். இணையத்தில் பாடகர் பெயரோடு எல்லாம் முடிந்துவிடும். மேளம் அடித்தவனும் ஒரு தாயின் பிள்ளைதானே? அவன் பெயர் எங்கேயாவது இருக்க வேண்டும்.

அந்த நாடுகளில் 80களில் சாதாரண மக்கள் வாங்கியது கசெட்தான். கசெட் நாடாவோ சாகிற பொருள். ஒரு பிளாஸ்டிக் நாடாவில் பூசிய காந்தத் தூள், அவ்வளவுதான். வெள்ளவத்தைக் கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சு உதிரும், அழுத்தும் பஞ்சு கழன்று விழும். முப்பது நாற்பது வருடம் தாண்டிய நாடா ஒவ்வொன்றும் இப்போது கடைசிக் காலத்தில் இருக்கிறது. இன்னும் பத்து வருடத்தில் கேட்டால் பல கசெட்டுகளில் ஒன்றும் இருக்காது.

சேகரிப்பாளர்களையும் நான் சும்மா விடப்போவதில்லை. வெளிநாட்டுக்காரனுக்கு விலை பேசுவதற்காக ஒரு பிரதியை வாங்கி, உறை பிரிக்காமல் பூட்டி வைத்து, "என்னிடம் மட்டும்தான் இருக்கிறது" என்று படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்காத பாட்டைப் பூட்டி வைப்பதும் எரிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாடியவனுக்கு இரண்டிலும் ஒன்றும் கிடைப்பதில்லை. சேர்க்கிறவன் கேட்க வேண்டும், விபரத்தை எழுதி வைக்க வேண்டும், கேட்டு வருகிறவனுக்குக் காட்ட வேண்டும். என் 143 கசெட்டுக்கும் ஒரு சீ.ஆர். கொப்பியில் விபரம் எழுதியிருக்கிறேன். யார் வந்தாலும் பார்க்கலாம். குழுவில் படம் போட்டவரும் வரலாம், பிளேன்டீ தருவேன்.

கடைசியாக நம் சொந்த வீட்டுக்கு வருவோம். நான் ஏன் மலாய்க் கசெட் சேர்க்கிறேன் என்று கேட்கிற நாம், நம்முடையதை என்ன செய்தோம்? நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்று நம் நாட்டுத் தமிழ் பொப் இசை தமிழ்நாடுவரை போய்க் கலக்கிய காலம் ஒன்று இருந்தது. அதையும் அன்று பெரியவர்கள் "கூத்து" என்றுதான் சொன்னார்கள். இன்று கலியாண வீட்டில் அதே பெரியவர்கள் எழுந்து ஆடுகிறார்கள். அந்தக் கால இசைத்தட்டு உங்கள் யாருடைய வீட்டிலாவது இருக்கிறதா? சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் வாப்பாமார் தூக்கி வந்த டூ இன் வன் ரேடியோவில் பதிந்த இலங்கை வானொலி நிகழ்ச்சிகள், பள்ளிவாசல் மீலாத் விழாப் பாட்டுகள், கோயில் திருவிழா நாதஸ்வரம், கொட்டாஞ்சேனைத் தேவாலய நாடகங்கள், வெளிநாட்டிலிருந்த கணவனுக்கு உம்மா பேசிப் பதிந்து அனுப்பிய கடித கசெட்டுகள் எங்கே?

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள், சுமார் 97,000 புத்தகங்கள். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது, படச்சுருள்கள் அதோடு போயின. அவற்றுக்காக இன்றும் அழுகிறோம், அழத்தான் வேண்டும். ஆனால் அதை எரித்தவன் எதிரி. நம் கசெட்டுகளைக் கிலோக் கணக்கில் போத்தல் பேப்பர்காரருக்குப் போடுகிறவர் யார்? எதிரி வரத் தேவையில்லை, பெருநாளைக்கு வீடு துப்பரவாக்கினால் போதும்.

ஆகவே இதுதான் என் வேண்டுகோள். பழைய கசெட் கிடைத்தால் வீச வேண்டாம். தூசி பிடித்த பழைய பிளேயரில் உடனே போட்டு ஓட்டவும் வேண்டாம், நாடாவைக் கடித்துவிடும். மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், தவறியும் மேலே எதுவும் பதியாது. வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அதில் யார் குரல், எந்த வருடம் என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். சனிக்கிழமைகளில் என்னிடம் கொண்டுவந்தால் காசில்லாமல் கணினிக்கு மாற்றித் தருகிறேன். பாட்டு உங்களுடையது, கசெட்டும் உங்களிடமே திரும்பி வரும்.

இரண்டாவது வேண்டுகோள் பெற்றோருக்கு. உங்கள் பிள்ளை காதில் மாட்டியிருப்பதில் ஒன்றை வாங்கி நீங்களும் ஒருமுறை மாட்டிக் கேளுங்கள். பிடிக்காது, எனக்குத் தெரியும். தலை வலிக்கும். பரவாயில்லை, முழுப் பாட்டையும் கேளுங்கள். கேட்டுவிட்டு "இதில் உனக்கு என்ன பிடிக்கிறது?" என்று கேளுங்கள். அவன் பேசத் தொடங்குவான். கண்டிக்க வேண்டிய விஷயம் அதில் இருந்தால் அப்போது கண்டியுங்கள், கேட்பான்.

மூன்றாவது, அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களுக்கு. அழித்துவிடுங்கள். என் அலுமாரிப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை. பையனின் படத்தை அழித்துவிடுங்கள். அவனிடம் மன்னிப்புக் கேட்கப் பெரியவர்களுக்கு மனம் வராது என்று தெரியும். சந்தியில் கண்டால் ஒரு ஸலாம் சொல்லுங்கள், அது போதும்.